மடத்தின் மேல் ஏறிய மாளிகை

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் லேகாக் என்று ஒரு கிராமம். அங்கேயுள்ள லேகாக் அபி என்ற மாளிகையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். இதைவிடப் பெரிய மாளிகைகள் அந்த நாட்டில் நிறைய உண்டு. ஆனால் ஒரு கட்டடம் கைமாறிக் கைமாறி எப்படி உருமாறுகிறது என்று காட்ட, எனக்கு இதைவிட நல்ல இடம் தெரியாது.

1232இல், கணவரை இழந்த சாலிஸ்பரி சீமாட்டி ஈலா இங்கே கன்னியாஸ்திரிகளுக்கு ஒரு மடம் கட்டத் தொடங்கினார். பிறகு அவரே அதன் தலைவியும் ஆனார். நடுவே சதுர முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், தெற்கே தேவாலயம். இப்படியே முந்நூறு ஆண்டுகள் ஓடின. 1539இல் எட்டாம் ஹென்றி மன்னர் மடத்தைக் கலைத்துவிட்டார்.

அதை 783 பவுண்டுக்கு வாங்கியவர் வில்லியம் ஷாரிங்டன். பிரிஸ்டல் நாணயச்சாலையில் அதிகாரியாக இருந்து, அங்கே செய்த மோசடிக்காக 1549இல் கைதாகி, மன்னிப்பும் பெற்றவர். ஆள் எப்படியோ, கட்டடக்கலையில் தேர்ந்த ரசனை அவருக்கு இருந்தது. தேவாலயத்தை இடித்தார். அந்த இழப்பை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. ஆனால் அதன் வடக்குச் சுவரை மட்டும் விட்டுவைத்தார். முற்றத்தை ஒட்டி நின்ற அந்தச் சுவர்தான் இன்றைக்கு மாளிகையின் தெற்கு முகப்பு!

அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். தாழ்வாரம், கன்னியர் கூடிப் பேசிய மண்டபம், குளிர்காய்ந்த அறை என்று கீழ்த்தளத்தை ஏறக்குறைய அப்படியே விட்டுவிட்டு, குடும்பம் வாழும் அறைகளை மாடியில் அமைத்துக்கொண்டார். அதனால் கீழே நடந்தால் மடம், படியேறினால் மாளிகை. குளிர்காய்ந்த அறையில் இப்போதும் ஒரு பெரிய உலோகக் கொப்பரை இருக்கிறது. 1500இல் பெல்ஜியத்தின் மெக்கலன் நகரில் வார்த்தது.

தென்கிழக்கு மூலையில் ஷாரிங்டன் எழுப்பிய எண்கோணக் கோபுரத்தையும் சொல்ல வேண்டும். உள்ளே எண்கோணக் கல்மேசை. பாதி மனிதன், பாதி ஆடான உருவங்கள் அதைத் தாங்குகின்றன. அவருடைய சின்னமான தேளையும் அங்கே செதுக்கி வைத்திருக்கிறார்கள். இத்தாலியில் மலர்ந்த புதுக் கலைப்பாணி இங்கிலாந்துக்குள் மெல்ல நுழைந்துகொண்டிருந்த காலம் அது.

ஷாரிங்டனுக்குப் பிறகு வீடு அவருடைய தம்பி மகள் வழியாக டால்பட் குடும்பத்துக்குப் போனது. ஜான் ஐவரி டால்பட் 1754-55இல் மேற்குப் பக்கம் ஒரு பெருங்கூடம் கட்டினார். வடிவமைத்தவர் சாண்டர்சன் மில்லர். கூர்வளைவுகள், மாடங்களில் சுடுமண் சிலைகள், கூரையில் நண்பர்களின் குலச்சின்னங்கள். எல்லாம் இடைக்காலக் கோதிக் பாணியின் சாயல். உண்மையான கோதிக் தாழ்வாரம் சில அடி தூரத்தில் இருக்க, அதன் பக்கத்திலேயே இப்படி ஒரு கற்பனைக் கோதிக்! சிலர் இதை அலங்காரப் பூச்சு என்று ஒதுக்குவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டின் பிறப்பை நினைத்துப்பார்த்து, அதற்கு மரியாதை செய்த வேலை இது.

அப்புறம் அதே குடும்பத்தில், ஒளிப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் வந்தார். 1827 முதல் 1830 வரை தெற்கு முகப்பில், அதாவது பழைய தேவாலயச் சுவரில், வெளியே துருத்தி நிற்கும் மூன்று ஜன்னல்களை வைத்தார். மூன்றும் ஒன்றுபோல இருக்காது. 1835 ஆகஸ்டில் நடு ஜன்னலின் எதிரே ஒரு சின்னப் பெட்டிக் கேமராவை வைத்து, வெள்ளி உப்பு தடவிய காகிதத்தில் அதைப் பதிவு செய்தார். இன்று நம்மிடம் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒளிப்பட நெகட்டிவ், அதாவது வெளிச்சமும் இருளும் இடம் மாறித் தெரியும் மூலப்படம், அதுதான். தபால்தலை அளவுதான் இருக்கும். முதலில் எடுத்தபோது பூதக்கண்ணாடி வைத்து அதில் சுமார் 200 கண்ணாடிச் சதுரங்களை எண்ண முடிந்தது என்று அவரே குறித்து வைத்திருக்கிறார்.

1944இல் மாடில்டா டால்பட் மாளிகையையும் கிராமத்தையும் பழைய மாளிகைகளையும் இடங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் நேரே மாடி அறைகளைப் பார்க்கத்தான் அவசரப்படுகிறார்கள். நீங்கள் போனால் முதலில் தெற்குப் புல்வெளியில் நின்று அந்தச் சுவரைப் பாருங்கள். அடுத்து தாழ்வாரத்தைச் சுற்றி வாருங்கள். அதற்கு அப்புறம் படியேறலாம். நன்றி, வணக்கம்.