பழைய ஹார்ட் டிஸ்க்கில் கை வைக்காதீர்கள்

வணக்கம் நேயர்களே.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதிலிருந்து எங்களைப் போலக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறவர்களிடம் வருகிற பலர் ஒரே மூச்சில் இரண்டு வேலை சொல்கிறார்கள். "சிஸ்டம் ரொம்ப ஸ்லோ சார். எஸ்.எஸ்.டி. மாட்டி, அப்படியே விண்டோஸ் 11-ம் போட்டுக் குடுத்துடுங்க." கேட்பது நியாயம்தான். சுழலும் தட்டு உள்ள பழைய ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 100, 150 எம்.பி. படித்தால் பெரிய விஷயம். சுழலும் பாகமே இல்லாமல் சிப்பில் சேமிக்கிற எஸ்.எஸ்.டி., அதே சாட்டா கேபிளில் மாட்டினாலே 500-ஐத் தாண்டும்.

டிஸ்க் வாங்கக் கிளம்பும் முன் பிராசஸரைப் பாருங்கள். விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்கிற, சாவிகளைப் பத்திரமாக வைக்கும் பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். சில மதர்போர்டுகளில் டி.பி.எம். இருந்தும், சிஸ்டம் எழும்போது முதலில் ஓடும் பயாஸ் அமைப்பில் அணைத்து வைத்திருப்பார்கள், போட்டுவிட்டால் போதும். அதற்கும் பழைய சிஸ்டத்துக்குக் குறுக்கு வழி சொல்லித் தர ஆள் இருக்கிறது. நான் செய்வதில்லை. அதற்கு, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் மின்ட் மேல்.

இப்போது வரிசைக்கு வருவோம். பலர் ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கிலேயே விண்டோஸ் 11-க்கு ஏற்றிவிட்டு, அப்புறம் அதைப் புதியதற்கு குளோன், அதாவது அச்சு அசலாக நகல், எடுக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. ஏற்கெனவே திணறுகிற டிஸ்க்கில் பல ஜி.பி. எழுதவைக்கிறோம். நடுவில் அது படுத்துவிட்டால் பழைய விண்டோஸும் போச்சு, புதியதும் போச்சு. விண்டோஸ் 10 இருக்கிற நிலையிலேயே குளோன் எடுங்கள். பழையதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, புதிய டிஸ்க்கிலிருந்து சிஸ்டம் எழுந்து ஒழுங்காக ஓடுகிறதா என்று சில நாள் பாருங்கள். அதன்பிறகு புதியதில் மேம்படுத்துங்கள். பிடிக்காவிட்டால் பழைய பதிப்புக்குத் திரும்ப விண்டோஸ் தருகிற அவகாசம் வெறும் 10 நாள். அலமாரியில் இருக்கிற டிஸ்க்குக்குக் கெடு எதுவும் கிடையாது.

குளோன் வேண்டாம், புதிதாகவே போடுகிறேன் என்றால் இன்னும் நல்லது. பல வருஷக் குப்பை ஒழியும். ஆனால் விண்டோஸ் போடும்போது பழைய டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கி வையுங்கள். இரண்டும் மாட்டியிருந்தால், விண்டோஸைப் புதியதில் பதித்துவிட்டு, பூட் ஆவதற்கான, அதாவது சிஸ்டம் எழுவதற்கான, சின்னப் பகுதியைப் பல நேரம் பழையதிலேயே எழுதிவிடும். எல்லாம் சரியாக ஓடும், ஒரு நாள் பழையதைக் கழற்றுகிற வரைக்கும். ஆக்டிவேஷனைப் பற்றிக் கவலை வேண்டாம். டிஜிட்டல் லைசென்ஸ் முக்கியமாக மதர்போர்டை வைத்துத்தான் அடையாளம் காணும். டிஸ்க் மாறினால் போய்விடாது.

புதிதாகப் போடுகிறவர்கள் டாகுமென்ட்ஸ், போட்டோ எல்லாம் மறக்காமல் எடுத்துக்கொள்வார்கள். தமிழில் டைப் செய்கிறவர்கள் மறப்பது ஃபாண்ட்டை. பாமினி என்ற பழைய தமிழ் ஃபாண்ட்டில் அடித்த கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகை, சங்கத்தின் ஆண்டறிக்கை, அப்பா அடித்து வைத்த குடும்ப வரலாறு என்று எத்தனையோ கோப்புகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் அதைத் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, பக்கத்தில் ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்களும் உண்டு. கெடவில்லை. அந்த ஃபாண்ட் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வரைந்து காட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்த டாம், டாப் என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீடுகளில் அடித்தவற்றுக்கும் இதே கதிதான். பழைய டிஸ்க்கில் விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபாண்ட்ஸ் என்று ஒன்று இருக்கும். அதைத் தனியாக ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். நேரம் கிடைக்கிறபோது கோப்புகளை, எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் அடுத்த தடவை இந்தப் பாடு இருக்காது.

கடை வைத்திருப்பவர்கள் கணக்கு எழுதும் டேலி மென்பொருளின் டேட்டாவை எடுப்பதோடு, பழைய டிஸ்க்கைக் கழற்றும் முன்பே அதன் லைசென்ஸை சரண்டர் செய்துவிடுங்கள்.

லேப்டாப்காரர்களுக்கு இன்னொன்று. பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். கழற்றி வேறு சிஸ்டத்தில் மாட்டினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது இல்லாமல் கொம்பன் வந்தாலும் திறக்க முடியாது. கழற்றும் முன் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கிறதா என்று பார்த்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

சில மாதம் கழித்து, எதுவும் விட்டுப்போகவில்லை என்று தெரிந்த பிறகு பழைய டிஸ்க்கை விற்கலாம். அப்போது குயிக் ஃபார்மட் மட்டும் செய்து கொடுத்துவிடாதீர்கள். அது அட்டவணையைத்தான் அழிக்கும், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். குயிக் என்ற இடத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுங்கள். டிஸ்க் முழுக்கப் பூஜ்யமாக எழுதும், மணிக்கணக்கில் ஆகும். ராத்திரி போட்டுவிட்டுப் படுத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.