முதல்ல நிப்பாட்டப் பழகுவம்

எல்லாருக்கும் வணக்கம். மோட்டச்சைக்கிள் ஓடப் பழகின கதையைப் பற்றிக் கதைக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டவை. எனக்குச் சரியான சந்தோசம், ஏனெண்டா நான் முப்பது வருசமா இதைப் பற்றித்தான் யோசிச்சுக் கொண்டிருக்கிறன், இப்ப எங்கட ஊரில பொம்பிளையளுக்கு ஸ்கூட்டி பழக்கியும் விடுறன்.

நான் பழகினது 1993ல. 1990ல சண்டை திரும்பத் துவங்கினதோட யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் தடை, கரண்டும் இல்லை, றேடியோ கேக்கிறதெண்டாலும் சைக்கிளைக் கவிட்டு வைச்சு ஒரு ஆள் பெடலைச் சுத்த டைனமோவில வாற கரண்டில மற்ற ஆக்கள் சுத்தியிருந்து செய்தி கேப்பம். அந்த நேரம் சித்தப்பாட்ட ஒரு ஹொண்டா சி 90 மோட்டச்சைக்கிள் நிண்டது. அது ஓடினது மண்ணெண்ணையில.

இப்பத்தைப் பிள்ளையளுக்கு இது விளங்காது, அதால கொஞ்சம் விவரமாச் சொல்லுறன். மண்ணெண்ணை பெற்றோல் மாதிரி லேசில ஆவியாகாது, குளிர்ந்த எஞ்சினில பத்தவே பத்தாது. சித்தப்பா கண்ணுக்கு விடுற மருந்துப் போத்தல் ஒண்டைக் கழுவி அதுக்குள்ள பெற்றோல் வைச்சிருப்பார், எப்பவும் சேட் பொக்கற்றுக்குள்ளதான் இருக்கும், சித்தி சேட்டைத் தோய்க்க எடுத்தாலும் முதல்ல அதை எடுத்துப் பத்திரமா வைப்பா. காபரேற்றருக்குள்ள நாலு சொட்டு விட்டு, உதைச்சு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடாகுமட்டும் அக்சிலேற்றரை முறுக்கிக்கொண்டே நிப்பார், அதுக்குப் பிறகுதான் மண்ணெண்ணையில பிடிச்சு ஓடும். வெள்ளையாப் புகைக்கும். அந்த மணம் உடுப்பில ஏறினா ரெண்டு தரம் தோய்ச்சாலும் போகாது.

அக்சிலேற்றரை விட்டா எஞ்சின் நிண்டிடும், நிண்டு ஆறிப்போனா திரும்பவும் நாலு சொட்டு. அந்த நாலு சொட்டு எங்கயும் காசு குடுத்து நினைச்சவுடனை வாங்கக்கூடிய சாமான் இல்லை.

அப்ப யோசிச்சுப் பாருங்கோ, அப்பிடி ஒரு வண்டியில ஒரு பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லிக் குடுப்பினம்? கோயில் மேற்கு வீதியில பின்னேரம் என்னை ஏத்தி விட்டிட்டு சித்தப்பா பின்னால கரியலைப் பிடிச்சுக்கொண்டு ஓடி வந்து திருப்பித் திருப்பிச் சொன்னது ஒண்டே ஒண்டுதான், "பிள்ளை விடாதை, முறுக்கிக்கொண்டே இரு, நிப்பாட்டிப் போடாதை." பிறேக் எங்க கிடக்கெண்டு சொன்னவர்தான், இல்லையெண்டு நான் சொல்லேல்லை, ஆனா பிடிக்கப் பழக்கேல்லை. வீதி முடியிற இடத்தில வளைவு வந்தது, நான் விடாமல் முறுக்கினபடியே கிளுவை வேலிக்குள்ள போய் வலப்பக்கமாச் சரிஞ்சன், சைலன்சர் கெண்டைக்காலில பட்டுது. அந்தத் தழும்பு இப்பவும் கிடக்கு, ஒரு வெத்திலைக் காம்பு அளவுக்கு நீட்டா.

சித்தப்பா ஓடி வந்தார். வந்தவர் முதல்ல அக்சிலேற்றரைத்தான் பிடிச்சவர், எஞ்சின் நிண்டிடக் கூடாதெண்டு ஒரு கையால முறுக்கிக்கொண்டு மற்றக் கையாலதான் என்னைத் தூக்கினவர். எனக்கு அதில ஒரு துளி கோவமும் இல்லை. அடுத்த நாள் விடிய அம்மம்மாவை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போக அந்த வண்டி வேணும், அவர் அதைத்தான் யோசிச்சிருப்பார். தூக்கினாப் பிறகு அவருக்குக் கை நடுங்கினது எனக்கு இப்பவும் ஞாபகம்.

என்ர வயது ஆக்கள் கனபேர் இப்பிடித்தான் பழகினவை. நிப்பாட்டாதை எண்டு பழகினனாங்கள், பிறகு எங்கட பிள்ளையளுக்கும் அதையே சொல்லிக் குடுக்கிறம். 2002ல யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 பாதை திறந்து பெற்றோல் தாராளமா வந்தாப் பிறகும், எம்டி 90 மோட்டச்சைக்கிள் போய் பெப், டியோ எண்டு ஸ்கூட்டியள் வந்தாப் பிறகும் பழக்கிற விதம் மாறேல்லை, பின்னால பிடிச்சுக்கொண்டு "முறுக்கு முறுக்கு" எண்டுறதுதான். 2022ல பெற்றோல் தட்டுப்பாட்டுக்குக் கியூஆர் கோட் வந்து கிழமைக்கு 4 லீற்றர் எண்டு தந்த நேரமும் அப்பிடித்தான், பழகிறதுக்கு எண்ணையைச் செலவழிக்கிறதோ எண்டு ஒரு வட்டம் ஓட விட்டிட்டு றோட்டில இறக்கினவையை எனக்குத் தெரியும்.

அந்த சி 90 ஐப் பற்றி ஒண்டு சொல்லோணும், நல்ல வண்டி. அதின்ர மூத்த அண்ணன் 1958ல யப்பானில வந்த சுப்பர் கப், நூடில்ஸ் கடைப் பெடியன் ஒரு கையில சாப்பாட்டுத் தட்டையும் வைச்சுக்கொண்டு ஓடக்கூடியதா இருக்கோணும் எண்டுதான் கிளச் பிடி இல்லாமல் செய்தவையாம். கியரைக் காலால மிதிச்சா கிளச் தானா வேலை செய்யும். 2017 வரைக்கும் அந்த வரிசை வண்டியள் 10 கோடி செய்திருக்கினம். எங்கட இஞ்சயும் கிளச் பிடி உள்ள சீடி 125 ஐத் தொடப் பயந்த ஆக்கள் எல்லாம் சி 90லதான் பழகினவை.

சரி, இப்ப நான் எப்பிடிப் பழக்கிறன் எண்டு சொல்லுறன். முதல் நாள் எஞ்சின் போடுறேல்லை. திறப்பு என்ர கையில. வண்டியில இருத்திப் பின்னால தள்ளுவன், நான் "பிடி" எண்ட உடனை ரெண்டு பிறேக்கையும் மெல்ல அமத்தி நிப்பாட்டிக் கால் ஊண்டோணும். இருபது தரம், முப்பது தரம். எங்கட ஆக்கள் முன் பிறேக்கைப் பிடிச்சா குத்துக்கரணம் எண்டு பயந்து அதைத் தொடுறதே இல்லை. நிப்பாட்டேக்க பாரமெல்லாம் முன் சில்லுக்குத்தான் வரும், காஞ்ச தார் றோட்டில கூடுதலா நிப்பாட்டுறதே அதுதான். மணலிலயும் வளைவிலயும் அதைச் சடாரெண்டு இறுக்கக் கூடாது, அதுவும் உண்மை. அதைக் கை தானாத் தெரிஞ்சு கொள்ளோணும், வாயால சொல்லி வராது.

இன்னொண்டு, ஸ்கூட்டி திடீரெண்டு பாயேக்க பயத்தில பிடியை இறுக்குவினம், இறுக்கேக்க மணிக்கட்டு கீழ மடங்கும், மடங்க அக்சிலேற்றர் இன்னும் திறக்கும். கனபேர் மதிலில போய் அடிக்கிறது இதாலதான். மணிக்கட்டை உயர்த்திப் பிடிக்கச் சொல்லி நான் கையில தட்டித் தட்டித் திருத்துவன்.

எட்டுப் போட்டு லைசென்ஸ் எடுத்தாச்சு, இனி என்ன எண்டு கேக்கிற தம்பிமார் இருக்கினம். தம்பி, மணிக்கு 40 கிலோமீற்றரில போனா ஒரு செக்கனுக்கு 11 மீற்றர் போவாய். ஒரு ஆடு குறுக்க வந்ததைக் கண்டு நீ பிறேக்கில விரலை வைக்கிறதுக்குள்ளயே வீட்டுக் கேற்றில இருந்து கிணத்தடி மட்டும் போயிருப்பாய். வெட்டையாக் கிடக்கிற வல்லை வெளி றோட்டில சோளகக் காத்து அடிக்கிற நேரம் ஓடினவையைக் கேட்டுப் பார், காத்து வண்டியை அப்பிடியே றோட்டுக்கு அங்கால தள்ளும், அதில 80ல போறதைக் காண எனக்கு வயித்தைக் கலக்கும். தயவு செய்து அந்த இடத்தில மெல்லப் போங்கோ, ஹெல்மெற் வாரையும் பூட்டிக்கொண்டு போங்கோ.

இப்ப எங்கட ஒழுங்கையில ஒரு அக்கா பழகுறா, வயது ஐம்பத்திரண்டு. புருசனும் இல்லை, மகன் வெளிநாட்டில, கிளினிக்குக்குப் போக ஆற்றையும் கேக்க விருப்பமில்லையாம். ரெண்டு கிழமையா எஞ்சின் போடாமல் தள்ளித் தள்ளித்தான் பழக்கிறன், முந்தநாள் நான் "பிடி" எண்டு சொல்ல முதலே நாய் ஒண்டு குறுக்க வர தானாப் பிடிச்சு நிப்பாட்டிக் கால் ஊண்டிப் போட்டா. திரும்பி என்னைப் பாத்தா. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் திறப்பை அவவின்ர கையில குடுக்கப் போறன்.

நன்றி, வணக்கம்.