3 வயதுக் குழந்தையிடம் "தப்பு" என்று யாருமே சொல்லாத வகுப்பறை! அந்த வேலையை ஒரு மரக்கட்டை செய்கிறது

[திரையில்: ஒரு சின்னக் கை கண்ணாடி ஜாடியிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றுகிறது. இசை வேண்டாம், தண்ணீர்ச் சத்தம் மட்டும்.]

மூன்று வயதுக் குழந்தையின் கையில் கண்ணாடி டம்ளரைக் கொடுப்பீர்களா? நான் கொடுக்க மாட்டேன். எங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால்தான் பெரியவர்களுக்கே கண்ணாடி டம்ளர். மற்ற நாளெல்லாம் எவர்சில்வர்தான்.

போன மாதம் ஒரு மாண்டிசோரி வகுப்பறையின் மூலையில் ஒன்றரை மணி நேரம் உட்கார அனுமதி கிடைத்தது. இருபத்தைந்து குழந்தைகள் இருப்பார்கள். கண்ணாடி ஜாடி, பீங்கான் கிண்ணம், பட்டன் தைக்க ஊசி, வெள்ளரிக்காய் நறுக்க ஒரு சின்னக் கத்தி, எல்லாம் அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் திறந்த அலமாரியில் இருந்தன. "ஏய், கீழே வை!" என்று ஒரு அதட்டல் கேட்கவில்லை. "தப்பு" என்ற சொல் ஒரே ஒரு தடவைதான் கேட்டது. அதைச் சொன்னது யார் என்று பிறகு சொல்கிறேன். எனக்குக் கொஞ்சம் வெட்கமான விஷயம்.

வணக்கம். இன்றைக்கு மாண்டிசோரி வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கப் போகிறோம். முதலில் வரலாறு, ஒரே மூச்சில். தள்ளிவிட்டுப் போகாதீர்கள், நடுவில் நம் ஊர் வருகிறது.

[திரையில்: ரோம் நகர வரைபடம். வேகமாக.]

மரியா மாண்டிசோரி 1870-ல் இத்தாலியில் பிறந்தவர். படிப்பால் டாக்டர். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளோடு வேலை செய்து பழகியவர். 1907 ஜனவரி 6-ம் தேதி ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற தொழிலாளர் பகுதியில் "குழந்தைகள் வீடு" என்று ஒன்றைத் திறந்தார். ஏன் திறந்தார்கள் தெரியுமா? அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போனதும், பள்ளிக்கூட வயது வராத வாண்டுகள் குடியிருப்பின் சுவரையும் படிக்கட்டையும் நாசம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். கட்டடக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். அடிக்கடி வெள்ளையடிப்பதைவிட, ஓர் அறையை ஒதுக்கி, ஆள் போட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது லாபம். உலகமெல்லாம் பரவிய கல்விமுறைக்குப் பிள்ளையார்சுழி போட்டது வெள்ளையடிக்கும் செலவு!

1939 நவம்பரில், 69 வயதில், மகன் மாரியோவுடன் அவர் சென்னை அடையாறுக்கு வந்தார். பிரம்மஞான சபை அழைத்திருந்தது, ஆசிரியர் பயிற்சி நடத்த. அடுத்த ஜூனில் இத்தாலி போரில் குதித்தது. பிரிட்டிஷ் அரசின் கண்ணில் இவர்கள் எதிரி நாட்டவர். மகனை அகமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அம்மாவுக்கு அடையாறு வளாகமே எல்லை. 1940 ஆகஸ்ட் 31, அவருடைய 70-வது பிறந்தநாளன்று மகனை விடுதலை செய்து அனுப்பினார்கள். பிறகு கொடைக்கானலில் சில காலம். 1946-ல்தான் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். இதற்குத் தனி வீடியோவே போடலாம். வேண்டுமென்றால் கமெண்டில் "கொடைக்கானல்" என்று போடுங்கள்.

சரி, வரலாறு முடிந்தது. கட்டைக்கு வருவோம்.

[திரையில்: மரக்கட்டை, பத்துக் குழி, பத்து உருளை. கேமரா மிக அருகில்.]

நீளமான ஒரு மரக்கட்டை. அதில் பத்துக் குழிகள். ஒவ்வொன்றிலும் ஒரு மர உருளை, தலையில் ஒரு குமிழ். பழைய நகைக்கடையில் தராசுப் பெட்டிக்குள் பித்தளை எடைக்கற்கள் வரிசையாகக் குழிகளில் உட்கார்ந்திருக்குமே, கிட்டத்தட்ட அதே தோற்றம். குமிழைப் பெருவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் பிடித்துத் தூக்க வேண்டும். பென்சில் பிடிக்கும் அதே மூன்று விரல்கள். குழந்தைக்கு அது தெரியாது, அது பாட்டுக்குக் கட்டையோடு விளையாடுகிறது. இப்படி 4 கட்டைகள் உண்டு. ஒன்றில் உருளைகளின் பருமன் மட்டும் மாறும், இன்னொன்றில் உயரம் மட்டும் மாறும், மற்ற இரண்டில் இரண்டும் மாறும்.

நான் பார்த்த பெண்ணுக்கு மூன்று வயது இருக்கும். ரெட்டைப் பின்னல், ஒரு பக்கத்து ரிப்பன் அவிழ்ந்து தொங்குகிறது. மூலையில் சுருட்டி நிறுத்தியிருந்த சின்னப் பாயை எடுத்துவந்து விரித்தாள். பருமன் மட்டும் மாறும் கட்டையை இரண்டு கையாலும் தூக்கிவந்து பாயில் வைத்தாள். பத்து உருளைகளையும் வெளியே எடுத்தாள். கலந்தாள். திரும்பப் போட ஆரம்பித்தாள்.

மூன்றாவதாக எடுத்த உருளையை அதைவிடப் பெரிய குழியில் போட்டாள். ஆடியது, ஆனாலும் உள்ளே போய்விட்டது. அவளுக்குத் திருப்தி. அடுத்தது, அதற்கடுத்தது. கடைசியில் ஒரு குழி மிச்சம், ஒரு உருளை மிச்சம். உருளை குண்டு, குழி ஒல்லி.

அழுத்திப் பார்த்தாள். தலைகீழாக, குமிழ்ப் பக்கமாக நுழைத்துப் பார்த்தாள். எனக்கோ கை துறுதுறுக்கிறது. எவ்வளவு நேரம்தான் பொறுப்பது? "பாப்பா, அந்த மூணாவது தப்பு, அதை எடு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

ஆமாம், அந்த ஆள் நான்தான்.

தூரத்தில் தரையில் உட்கார்ந்திருந்த ஆசிரியை என்னைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தார். இருபத்தைந்து வாண்டுகள் இருந்த அறையில் "பேசாதே" என்று சொல்லப்பட்ட ஒரே ஜீவன் அடியேன்.

நல்லவேளை, அவள் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒரு குமிழைத் தொட்டு ஆட்டினாள். அது கடகடவென்று ஆடியது. பக்கத்துக் குமிழை ஆட்டினாள். ஆடவில்லை. மறுபடி முதல் குமிழ். எடுத்துவிட்டாள்! அதற்கப்புறம் மளமளவென்று. பத்தும் உட்கார்ந்ததும் கட்டையின் மேல்பக்கத்தை உள்ளங்கையால் ஒரு தடவு தடவினாள். பிறகு என்ன செய்தாள் தெரியுமா? எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கலந்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள். நான் ஆறு தடவை எண்ணினேன்.

ஆறெல்லாம் ஒன்றுமே இல்லை. சான் லொரென்சோவில் மூன்று வயதுக் குழந்தை ஒருத்தி இதே உருளைகளை 40 தடவைக்கு மேல் எடுத்தெடுத்துப் போட்டதை மாண்டிசோரி எழுதி வைத்திருக்கிறார். சுற்றி மற்ற பிள்ளைகளைப் பாட வைத்தார். அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அவள் கட்டையை மடியில் பிடித்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாளாம்.

இதைப் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் வீட்டு அடுக்கு டப்பா. சிலர் ஊரில் சம்படம் என்பார்கள். கல்யாணச் சீரில் வந்திருக்கும், ஏழோ ஒன்பதோ, ஒன்றுக்குள் ஒன்று போகும். அதைப் பிரித்துப்போட்டு மூடி மாற்றி மூடிப் பாருங்கள். சின்ன மூடி பெரிய டப்பாவுக்குள் தொபுக்கென்று விழும். பெரிய மூடி சின்ன டப்பாவின் மேல் தொப்பி மாதிரி நிற்கும். யாரும் வந்து திட்ட வேண்டாம், டப்பாவே சொல்லிவிடும். சமையற்கட்டில் தவழ்ந்து வளர்ந்த குழந்தைகள் எல்லாருமே இந்தப் பாடம் படித்தவர்கள்தான். என்ன ஒன்று, நாம் அதை "சத்தம் போடாதே, எடுத்து வை" என்று பாதியில் பிடுங்கிவிடுவோம்.

கண்ணாடி டம்ளருக்கு வருகிறேன். அதிலும் இதே சூட்சுமம்தான். பிளாஸ்டிக் டம்ளர் விழுந்தால் உருண்டு போகும், குழந்தைக்கு ஒரு செய்தியும் கிடைக்காது. கண்ணாடி உடையும். அங்கே நாற்காலிகூட வேண்டுமென்றே லேசாகச் செய்தது. இடித்துக்கொண்டு நடந்தால் விழுந்து சத்தம் போடும். நான் இருந்தபோது ஒரு கிண்ணம் உடைந்தது. ஒரு பையன் போய் "உடைஞ்சிருச்சு" என்றான், வானிலை அறிக்கை வாசிப்பது மாதிரி. ஆசிரியை அவனை இரண்டடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே பெருக்கினார். கடைசித் தூளை முறத்தில் தள்ள மட்டும் அவனுக்கு வாய்ப்பு.

"பணம் கட்டி அனுப்பினால் பாத்திரம் துலக்க வைக்கிறார்களே!" என்று பெற்றோர் புலம்புவது உண்டு. நியாயம்தான். பருப்பைக் கரண்டியால் கிண்ணம் மாற்றுவது, மேசை துடைப்பது, தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டுக் குப்பையை அதற்குள் கூட்டுவது, மரச்சட்டத்தில் மாட்டிய துணியில் பட்டனும் ஹூக்கும் போட்டுப் பழகுவது, இதுதான் அங்கே முதல் பாடம். வீட்டில் இலவசமாகவே நடக்கும். நாம்தான் விடுவதில்லை, நேரமாகிவிடுகிறது.

கணக்கில் எனக்குப் பிடித்தது குச்சிப் பெட்டி. தடுப்பு வைத்த பெட்டியில் 0 முதல் 9 வரை எண்கள். கையில் 45 குச்சிகள். 1 என்ற அறையில் ஒன்று, 2-ல் இரண்டு என்று போட்டுக்கொண்டே வந்தால் 9-ல் குச்சி சரியாகத் தீர வேண்டும். குறைந்தாலோ மிஞ்சினாலோ, எங்கேயோ எண்ணிக்கை பிசகிவிட்டது. இங்கேயும் டீச்சருக்கு வேலை இல்லை! அந்த 0 அறையைப் பாருங்கள். அது காலியாகவே இருக்கும். ஒரு பையன் எல்லாம் போட்டு முடித்துவிட்டு அந்தக் காலி அறைக்குள் விரலை விட்டுத் துழாவினான், ஏதாவது இருக்குமோ என்று. பூஜ்யத்தை விரலால் தொட்டுப் பார்த்த ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எழுத்துக்கு உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகள். விரலால் தடவியபடி ஒலியைச் சொல்வார்கள். விஜயதசமியன்று தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, தாத்தா மடியில் உட்கார்ந்து, விரல் பிடித்து "அ" போட்டோமே, அதற்குப் பக்கத்து வீடுதான் இது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதியதும் இப்படித்தான். தமிழில் ஒரு கூடுதல் வேடிக்கை உண்டு. "கெ" என்று சொல்லிப் பாருங்கள். காதுக்கு முதலில் கேட்பது க். கைக்கு முதலில் வருவது கொம்பு! "கொ" என்றால் கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் க மாட்டிக்கொண்டு நிற்கிறது. சின்ன வயதிலேயே இதைச் சமாளித்தவர்கள் நாம் எல்லோரும். கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

[திரையில்: மூடிய அலமாரியும் திறந்த அலமாரியும், மாறி மாறி.]

ஒரு சுவையான தகவல். திறந்த அலமாரி முதல் நாளிலிருந்தே இருந்ததில்லை. சான் லொரென்சோவில் கருவிகளைப் பூட்டித்தான் வைத்திருந்தார்கள், ஆசிரியை எடுத்துக் கொடுப்பார். ஒரு நாள் பூட்ட மறந்துவிட்டார். வந்து பார்த்தால் பிள்ளைகள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு வேலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆசிரியை இதைத் திருட்டுக் குணம் என்று நினைத்தார். மாண்டிசோரியோ "பிள்ளைகளுக்கு எது வேண்டும் என்று அவர்களுக்கே தெரிகிறது" என்று பார்த்தார். பூட்டு போயிற்று, தாழ்வான அலமாரி வந்தது.

எல்லாம் ஆஹா ஓஹோ என்று சொல்லிவிட்டுப் போகமாட்டேன். எனக்கு ஒரு குறை உண்டு. அன்றைக்கு ஒரு பையன் பெரிய உருளையைக் கையில் பிடித்து "உய்ய்ய்ங்" என்று ராக்கெட் விட்டான். ஆசிரியை மெதுவாக வந்து, அதட்டாமல், சிரித்தபடிதான், உருளையைக் குழியில் வைத்துக் காட்டினார். ராக்கெட் தரையிறங்கியது. கருவியைக் கருவியாகவே பயன்படுத்த வேண்டும் என்பது அங்கே வழக்கம். இது கற்பனைக்குப் போதிய இடம் தராத முறை என்று அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் 1914-லேயே குறை சொன்னார். அந்த ஒரு விஷயத்தில் என் ஓட்டு ராக்கெட்டுக்கே.

இன்னொன்று, காசு. கூலி வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது இது. இன்றைக்கு நல்ல மாண்டிசோரிப் பள்ளியின் கட்டணத்தைக் கேட்டால், பிள்ளையை அனுப்புவதைவிட நாமே போய்ச் சேர்ந்து படித்துவிடலாமா என்று தோன்றும். பெயருக்கு யாரும் சொந்தக்காரர் இல்லாததால் தெருவுக்கு ஒரு போர்டு வேறு. பிளாஸ்டிக் சறுக்கு மரம், சுவரில் யானைப் படம், உள்ளே நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் "ஏ ஃபார் ஆப்பிள்". வாசலில் மாண்டிசோரி!

சேர்ப்பதற்கு முன்னால் போய் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். 3 வயதும் 5 வயதும் ஒரே அறையில் இருக்கிறார்களா? ஒவ்வொரு கருவியும் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறதா, அடுத்த பிள்ளை காத்திருக்கிறதா? டீச்சர் எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டியிருக்கிறதா? தேட வேண்டியிருந்தால் நல்ல அறிகுறி.

கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இன்றைக்கு ராத்திரி அடுக்கு டப்பாவை இறக்குங்கள். மூடியெல்லாம் கழற்றி ஒரு குவியல், டப்பாவெல்லாம் ஒரு குவியல். பிள்ளையை உட்கார வையுங்கள். நீங்கள் மெதுவாக, பேசாமல், ஒரு தடவை மூடிக் காட்டிவிட்டுத் தள்ளி உட்காருங்கள். பத்து நிமிடம் வாயைத் திறக்கக் கூடாது. எத்தனையாவது நிமிடத்தில் "அதில்லைடா, இது!" என்றீர்கள் என்று கமெண்டில் சொல்லுங்கள். பொய் சொல்லக் கூடாது. அந்த வகுப்பறையிலிருந்து வந்த அன்றைக்கே என் மகளை வைத்து நான் முயன்றேன். இரண்டாவது நிமிடத்தில் நான் வாயைத் திறந்தேன். அவள் விரலை உதட்டில் வைத்துவிட்டாள்.