முதலில் தூக்கிப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

எலக்ட்ரிக் சைக்கிள் வைத்திருப்பவர்கள் என்னைப் பார்த்தால் முதலில் நலம் விசாரிப்பார்கள், உடனே பேட்டரிக்கு வந்துவிடுவார்கள். "ரெண்டு வருஷம் நல்லாத்தான் ஓடிச்சு. இப்போ மேட்டுல ஏறினா ஒரே கோடு காட்டுது, இறங்கி நின்னா மறுபடி மூணு கோடு. புதுசு போடணுமா?" அநேகமாகப் போடத்தான் வேண்டும். அந்தக் கோடு விளையாட்டே பேட்டரிக்கு வயதாகிவிட்டதன் அடையாளம். உள்ளே தடை கூடிவிட்டது. மோட்டார் இழுக்கும்போது வோல்ட் சரிகிறது, இழுப்பு நின்றதும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. முழங்கால் வலிக்காரர் படியேறுவது போல.

ஆனால் செலவு செய்வதற்கு முன்னால் டயரில் காற்று இருக்கிறதா, பிரேக் கட்டை உரசுகிறதா என்று பார்த்துவிடுங்கள். சிரிக்காதீர்கள். என்னிடம் "செத்துப்போச்சு" என்று வந்த பேட்டரிகளில் சில, பின் பிரேக்கைப் பிடித்தபடியே ஓடிய சைக்கிளில் இருந்தவை.

சரி, புதுசுதான் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. எல்லோரும் கேட்பது எத்தனை ஏஎச் என்று. ஏஎச் என்றால் ஆம்பியர் ஹவர், பேட்டரி எவ்வளவு கொள்ளும் என்கிற அளவு. நான் முதலில் கேட்பது எத்தனை வோல்ட், அதுவும் எந்த வகை வோல்ட் என்று. ஒரே தெருவில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பதுபோல, 48 வோல்ட் என்ற பெயரிலும் மூன்று பேர் இருக்கிறார்கள். லெட் ஆசிட்டில் 48 என்றால் 12 வோல்ட் பெட்டிகள் நான்கு. முழு சார்ஜ் ஏற்றும்போது சார்ஜர் 58, 59 வோல்ட் வரைக்கும் கொண்டுபோகும். வழக்கமான லித்தியத்தில் 48 என்றால் 13 செல் வரிசை, செல்லுக்கு 4.2 வீதம் 54.6-இல் நின்றுவிட வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் பெரும்பாலும் 16 செல், அது 58.4 வரை போகும். மூன்றின் மேலும் 48 என்றுதான் ஒட்டியிருப்பார்கள். இப்போது பழைய லெட் ஆசிட் சார்ஜரை, "48-க்கு 48 சரியாப் போச்சு" என்று புது 13 செல் லித்தியத்தில் சொருகினால் என்ன ஆகும்? உள்ளே பிஎம்எஸ் என்று ஒரு காவல் பலகை உண்டு, அது தடுத்துவிடலாம். காவலாளி இருக்கிறான் என்று கதவைத் திறந்து போட்டுத் தூங்குவதா? பேட்டரி வகை மாறினால் சார்ஜரும் மாற வேண்டும். இதை இன்னொரு தடவை சொல்கிறேன், வானொலியில் அடிக்கோடு போட முடியாது: பேட்டரி வகை மாறினால் சார்ஜரும் மாற வேண்டும்.

லெட் ஆசிட்டே போதும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான்கில் ஒன்றுதான் கெட்டது என்று அதை மட்டும் மாற்றாதீர்கள். கிழட்டு மாட்டோடு காளையை நுகத்தில் பூட்டினால் கிழட்டு மாட்டின் வேகத்தில்தான் ஏர் போகும். நான்கும் வரிசையாகக் கோத்தவை, நான்கின் வழியாகவும் ஒரே மின்னோட்டம்தான். பழையதில் ஒன்று முதலில் வற்றும், வற்றிய பிறகும் மற்ற மூன்றும் அதன் வழியாகத் தள்ளும். அடுத்து அதுவும் போகும். நானே இப்படி ஒன்றொன்றாக மாற்றி, ஒரே வருடத்தில் நான்கையும் வாங்கி முடித்தவன்.

இப்போது என் செல்லக் கதை. என்னைக் கூப்பிட்டதே இதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

என் தங்கை மகன் ஒரு நாள் புது லித்தியம் பேட்டரி பேக்கைத் தூக்கிக்கொண்டு வந்தான். 48 வோல்ட், 20 ஏஎச். "மாமா, கையில தூக்கிப் பாருங்க. எவ்வளவு லேசா இருக்கு!" தூக்கினேன். லேசாகத்தான் இருந்தது. அதுதான் என் வயிற்றைக் கலக்கியது. "தராசு கொண்டாடா" என்றேன். பேட்டரிக்குத் தராசு எதுக்கு மாமா என்றான். சமையலறைத் தராசில் வைத்தோம். 2 கிலோ 600 கிராம்.

பென்சில் வேண்டாம், மனக்கணக்காகவே வாருங்கள். இந்த பேக்குகளுக்குள் இருப்பது டார்ச் கட்டை மாதிரி உருளைச் செல்கள். அதிகம் புழங்குவதற்கு 18650 என்று பெயர். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், அதனால் அந்தப் பெயர். ஒன்று ஏறக்குறைய 45-லிருந்து 50 கிராம். அதில் மிக நல்லதே 3.5 ஏஎச் அளவில்தான் கொள்ளும். 9,900 மில்லி ஆம்பியர் ஹவர், அதாவது 9.9 ஏஎச் என்று அச்சடித்தும் விற்கிறார்கள், அதை மையின் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

48 வோல்ட்டுக்கு 13 செல் வரிசை. 20 ஏஎச் வர வேண்டுமானால், நல்ல செல்லாகவே இருந்தாலும், அப்படி ஆறு வரிசை வேண்டும். ஆறு பதின்மூன்று 78. ஒன்றுக்கு 47 கிராம் என்றாலும் செல் மட்டுமே மூன்றரைக் கிலோவைத் தாண்டுகிறது. பெட்டி, கம்பி, பலகை எல்லாம் சேர்ந்தால் நான்கைத் தாண்டும். பையன் கொண்டுவந்ததோ பெட்டியோடு சேர்த்து 2.6. அதில் மூன்று வரிசைக்கு மேல் இருக்க வழியே இல்லை.

அவன் முகம் சுண்டிவிட்டது. "ஓட்டிப் பாத்துட்டு சொல்றேன்" என்று போனான். மறுநாள் த்ராட்டிலை மட்டும் முறுக்கிக்கொண்டு ஓட்டியிருக்கிறான். 19-ஆவது கிலோமீட்டரில், ஒரு மேட்டின் நடுவில், விளக்கு உள்பட எல்லாம் அணைந்துவிட்டது. தள்ளிக்கொண்டே வந்தான். அப்புறம் மீட்டர் வைத்து அளந்தோம், ஏழரை ஏஎச். விற்றவர் போனை எடுக்கவே இல்லை.

இதிலிருந்து நான் வைத்துக்கொண்ட கணக்கு ஒன்று உண்டு. வோல்ட்டை ஏஎச்சால் பெருக்குங்கள், வாட் ஹவர் வரும். 48 பெருக்கல் 20, 960. அதை எடையால் வகுங்கள். லித்தியம் பேக்கில் கிலோவுக்கு 200-ஐத் தாண்டினால் சந்தேகப்படுங்கள். நல்ல பேக்குகளே அதற்குக் கீழேதான் நிற்கின்றன. பையனுடையது கிலோவுக்கு 369! பாஸ்பேட் வகை என்றால் கிலோவுக்கு இன்னும் குறைவு, ஆனால் 2,000 தடவை சார்ஜ் ஏறி இறங்கினாலும் தாங்கும் என்கிற அளவுக்கு ஆயுள் கெட்டி. எடை பொருட்டில்லாதவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

எத்தனை வாட் ஹவர் வேண்டும்? பெடலும் மிதிப்பவர்களுக்குக் கிலோமீட்டருக்கு 8 முதல் 12 வரை போதும். கை மட்டும் வேலை செய்தால் 15, 20. உங்கள் தினசரி தூரத்தைப் பெருக்கி, மேலே கால் பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி வயதாகி வற்றப்போவதற்கு அந்தக் கால் பங்கு.

பையனின் சைக்கிள் ஏன் மேட்டில் அணைந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் பெட்டிக்குக் கன்ட்ரோலர் என்று பெயர். அவன் கன்ட்ரோலர் 20 ஆம்பியர் இழுக்கும். மூன்று வரிசையில் அதைப் பங்குபோட்டால் ஒவ்வொரு செல் தலையிலும் கிட்டத்தட்ட 7 ஆம்பியர். மட்டமான செல் அதைத் தாங்காமல் வோல்ட்டைக் கீழே போட்டது, காவல் பலகை வாசலைச் சாத்திவிட்டது. ஆகவே வாங்கும்போது, தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தரும் என்று கேளுங்கள், கன்ட்ரோலர் மேல் எழுதியிருப்பதைவிட அது கூடுதலாக இருக்கட்டும். உச்சம் எவ்வளவு என்று விற்பவர் சொன்னால், அது சில விநாடிக் கணக்கு. கேட்டது தொடர்ந்து தருவது எவ்வளவு என்பதை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம் போலிருக்கிறது. கனெக்டரைப் பற்றி நிறைய வைத்திருந்தேன்... சுருக்கமாகச் சொல்கிறேன். பிளஸ், மைனஸை மீட்டரால் பார்த்துவிட்டுச் சொருகுங்கள். சிவப்பு, கறுப்பு நிறத்தை நம்பாதீர்கள், மாற்றிக் கொடுத்தால் கன்ட்ரோலர் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். சொருகும்போது சின்னதாக ஒரு பொறி பறந்தால் பயப்பட வேண்டாம், கன்ட்ரோலரில் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர் நிறைவதால் வருவது அது. சைக்கிள் பேட்டரிக்கென்று யூஎல் 2271 என்ற தரச் சான்று உண்டு, அது இருந்தால் நல்லது. கீழே விழுந்து அடிபட்ட பேக், உப்பிய பேக், இரண்டையும் சார்ஜில் போடாதீர்கள். தூங்கும் அறையிலும், வெளியே போகும் வாசலை அடைத்துக்கொண்டும் எந்த பேக்கையும் சார்ஜ் போடாதீர்கள். மாதக்கணக்கில் ஓட்டப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வையுங்கள்... ஒரு விரல். சரி.

பழைய லித்தியம் பேக்கைக் குப்பையில் போட வேண்டாம். முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, பழைய பேட்டரி வாங்குமிடத்தில் கொடுங்கள். பையன் அந்த 2.6 கிலோவை இன்னும் கொடுக்கவில்லை, டேப் ஒட்டி அலமாரி மேல் வைத்திருக்கிறான். விற்றவர் என்றாவது போனை எடுப்பார் என்று. வணக்கம்.