அண்ணாந்து பாருங்கள்: நில அதிர்வும் செட்டிநாட்டு வீடும்

(காரைக்குடியில் வீட்டுக்காரர்களும் கட்டுமானத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். ஆச்சிமார்களும் அண்ணன்மார்களும் ஒரு பக்கம், கொத்தனார்களும் ஆசாரிகளும் மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள். இரண்டு தரப்புக்கும் வேலை இருக்கிறது. அதனால் முன்னுரையை நீட்டவில்லை.

முதலில் ஒரு பயத்தைக் கழித்துவிடுவோம். சுனாமி காரைக்குடிக்கு வருமா? வராது. கடலுக்கும் நமக்கும் 40 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, ஊரும் மேட்டில் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதால் இங்கே வந்து குடியேறினோம் என்பது நகரத்தார் மரபுச் செய்தி. அது ஆழிப்பேரலையா, புயல் வெள்ளமா, கரை அரிப்பா என்று அறிஞர்கள் பேசிக்கொள்ளட்டும். கடலைப் பொறுத்தவரை முன்னோர் நல்ல இடத்தில்தான் உட்கார்ந்தார்கள்.

நில அதிர்வின் கணக்கு வேறு. 2002-இல் வந்த மண்டல வரைபடத்தில் நம் பகுதி இரண்டாம் மண்டலம், அதாவது நாட்டிலேயே ஆபத்து குறைந்த வகை. இதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகாதீர்கள். மராட்டியத்தின் லாத்தூரும் ஒரு காலத்தில் அப்படிக் கடைசி வகையில்தான் இருந்தது. 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் அங்கே 6.2 அளவில் அதிர்ந்தது. ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 6.2 என்பது உலகக் கணக்கில் பேரதிர்வே அல்ல. ஆட்களைக் கொன்றது வீடுகள். மண் சாந்து வைத்துக் கட்டிய கனமான கல் சுவர், அதற்கு மேல் மரச்சட்டத்தில் ஓரடிக்கும் கூடுதலான மண் கூரை. சுவரின் உள் அடுக்கும் வெளி அடுக்கும் ஒன்றையொன்று பிடித்திருக்க வேண்டிய இணைப்புக் கல் இல்லை. குலுங்கியதும் சுவர் இரண்டாகப் பிளந்து, கூரை மொத்தமாகத் தூங்கியவர்கள் மேல் உட்கார்ந்தது.

தமிழ்நாட்டுப் பக்கமும் சும்மா இருந்ததில்லை. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பகுதியில் சுமார் 6 அளவில் ஓர் அதிர்வு வந்தது. 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்குக் கிழக்கே கடலில் ஒன்று. பர்மாவைச் சொல்லவே வேண்டாம். 1930 மே 5 அன்று பெகுவில் ஷ்வேமாடோ பகோடா சரிந்தபோது அந்த நாட்டில் நம்மவர்களின் லேவாதேவிக் கடைகள் ஊருக்கு ஊர் இருந்தன.

இனி நம் வீட்டுக்குள் போவோம். செட்டிநாட்டு வீடு லாத்தூர் வீடு அல்ல. சுட்ட செங்கல், சுண்ணாம்புக் காரை, பர்மாத் தேக்கு எல்லாம் நல்ல சரக்கு. சுண்ணாம்புக் காரை சிமென்ட் போல விறைத்து நிற்காது. கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஆனால் கட்டி நூறு வருஷத்துக்கு மேலான வீடுகள் ஏராளம். எங்கே பலவீனம் என்று பார்க்க, தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும்.

முகப்புக்கு மேலே உள்ள கைப்பிடிச் சுவரும் அதன்மேல் நிற்கும் லட்சுமி, சிப்பாய், யாளி முதலான சுதை உருவங்களும்தான் முதல் ஆபத்து. கட்டடம் ஆடும்போது தரையைவிட உச்சி அதிகமாக ஆடும். அந்த உச்சியில் முட்டு எதுவும் இல்லாமல் தனியாக நிற்பது கைப்பிடிச் சுவர். அதன் உயரம் கனத்தைப் போல மூன்று மடங்குக்குள் இருந்தால் நல்லது. 9 அங்குலச் சுவர் என்றால் இரண்டேகால் அடி. அதற்கு மேலே போனால் மாடிப் பக்கம் முட்டுச் சுவரோ இரும்பு முட்டோ வேண்டும். சுதை உருவத்துக்குள்ளே இரும்புக் கம்பி இருக்கும். மழைத் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்தால் கம்பி உப்பும். உப்பினால் சுதை வெடிக்கும். கையிலோ கழுத்திலோ செம்பழுப்புக் கசிவு தெரிகிற உருவம் அதிர்வுக்காகக் காத்திருக்காது, ஒரு ஐப்பசி மழைக்கே விழலாம். அதன்மேல் வெள்ளையடித்து மறைப்பது வைத்தியம் அல்ல. கம்பியை மாற்றிச் சுண்ணாம்பிலேயே திருப்பிக் கட்ட வேண்டும்.

இரண்டாவது, உத்தரம் சுவரில் உட்காரும் இடம். இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை, கண்ணுக்குத் தெரியாது. கூரை ஒழுகினால் தண்ணீர் சுவர் வழியே இறங்கி உத்தரத்தின் முனையில் தேங்கும். நடுவில் இரும்பு மாதிரி இருக்கும் தேக்கு, சுவருக்குள் இருக்கும் முனையில் மட்கியிருக்கும். சுவரை ஒட்டி ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்துங்கள். அரை அங்குலம் உள்ளே போனால் அந்த முனையை நம்பக் கூடாது. நல்ல மரமாக இருந்தாலும் சுவருக்குள் 4 அங்குலமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் சுவர் வெளியே சாயும்போது உத்தரம் நழுவி விடும். பக்கத்தில் தாங்கு கல் வைத்து, இரும்புப் பட்டையால் உத்தரத்தைச் சுவரோடு போல்ட் போட்டுப் பிணைப்பது பெரிய செலவில்லை. இரண்டு எதிர்ச் சுவர்கள் வெளிப்பக்கம் சாய்கிற மாதிரி இருந்தால், கூரை மட்டத்தில் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குக் கம்பி ஓட்டி, வெளியே தகடு வைத்து நட்டு முடுக்குவார்கள். கம்பியின் கனத்தைப் பொறியாளர் கணக்குப் போட்டுச் சொல்லட்டும். கொத்தனார் கை அளவுக்கு விடாதீர்கள். கொத்தனார்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நான் சொல்வது கணக்கை மட்டும்.

மூலையில் மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில் விரிசல் இருந்தால் இரண்டு சுவர்களும் பிரிகின்றன என்று அர்த்தம். அதன் குறுக்கே ஒரு விரல் அகலத்துக்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி, மேலே தேதி எழுதி வையுங்கள். சில மாதத்தில் அந்தப் பட்டை வெடித்தால் சுவர் இன்னும் நகர்கிறது. விரிசலைச் சிமென்ட்டால் அடைப்பது நம் ஊரில் பெரிய வியாதி. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும்; சிமென்ட் அதன் வாயை அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே தங்கிக் காரை பொடியாகும். வெளியே பார்க்கப் புதுச் சுவர், உள்ளே மாவு.

வீட்டைப் பலவீனமாக்குவதில் நம் பங்கும் உண்டு. மாடியில் 1,000 லிட்டர் தொட்டி வைத்தால் அது ஒரு டன். அதைக் கைப்பிடிச் சுவர் ஓரத்தில், மரச்சட்டங்கள் தாங்கும் பழைய மாடிமேல் வைக்கிறோம். தனித் தூண் எழுப்பி வெளியே வையுங்கள். பங்கு பிரித்த வீட்டில் ஒருவர் தன் பங்குத் தூணைப் பழம்பொருள் கடைக்கு விற்றுவிடுவார். அந்தத் தூண் தாங்கிய பாரம் பக்கத்துப் பங்காளி வீட்டுத் தூணுக்குப் போகும். கையெழுத்துப் போட இருபது பங்காளிகளைத் தேடுவது கஷ்டம்தான். ஆனால் கூரை யார் பங்கு என்று பார்த்து விழாது.

சரி, ஆடும்போது என்ன செய்வது? பட்டாலையில், அதாவது வீட்டுக் கூடத்தில், இருப்பவர்கள் முகப்பு வழியாகத் தெருவுக்கு ஓட நினைப்பார்கள். வேண்டாம். கைப்பிடிச் சுவர் விழும் இடம் அந்த வாசல்தான். மண்டியிட்டுக் குனிந்து, கனமான மேசைக்கு அடியில் தலையை நுழைத்து, மேசைக் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேசை ஆடும், கூடவே ஆடுங்கள். படுக்கையில் இருந்தால் அங்கேயே தலையணையால் தலையையும் கழுத்தையும் மூடிக்கொள்ளுங்கள். ஆளுயர நிலைக்கண்ணாடி, தொங்கும் படங்கள், அலமாரி இவற்றிலிருந்து விலகியிருங்கள். சாய்வாகத் தொங்கும் பழைய படங்களுக்குத் திறந்த கொக்கியை எடுத்துவிட்டு மூடிய வளையம் போடுங்கள். அலமாரி உச்சியை எல் வடிவ கிளாம்ப் வைத்துச் சுவரில் திருகுங்கள். இரண்டும் ஒரு பகல் வேலை.

வளவில், அதாவது வீட்டு நடுவில் உள்ள திறந்த முற்றத்தில், நிற்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். நாட்டு ஓடுகள் பெரும்பாலும் தம் பாரத்தாலேயே நிற்பவை. ஆட்டத்தில் சரிந்து வளவுக்குள் கொட்டும். வளவின் நடுவிலிருந்து தாழ்வாரத்து விளிம்பு வரை உள்ள தூரம், அந்த விளிம்பின் உயரத்தைவிடக் கூடுதலாக இருந்தால் நடுவில் நிற்கலாம். குறைவாக இருந்தால் உள்ளேயே இருங்கள். ஆட்டம் நின்றதும் கேஸ் ரெகுலேட்டரை மூடி, மெயின் சுவிட்சை அணைத்து, செருப்புப் போட்டுக்கொண்டு, மேலே பார்த்தபடி வெளியேறுங்கள். பின்னதிர்வு கட்டாயம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நகையை எடுக்க யாரும் திரும்பிப் போக வேண்டாம், அவசரத்துக்கு 112.

கடைசியாக, கடலோரம். வேளாங்கண்ணிக்கும் தொண்டிக்கும் போகிறோம், பினாங்கில் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 காலை 6.29-க்கு சுமத்ராவுக்கு அப்பால் கடலடி உடைந்தது, அளவு 9.1. சுமார் 2,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நாகப்பட்டினத்துக்கு ஒன்பது மணியளவில் அலை வந்துவிட்டது. நடுக்கத்திலிருந்து 600 கிலோமீட்டருக்குள் இருக்கும் பினாங்குக்கோ அது போய்ச் சேர ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆனது. காரணம் கடலின் ஆழம். 4,000 மீட்டர் ஆழத்தில் சுனாமி மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். 50 மீட்டர் ஆழத்தில் 80. 10 மீட்டரில் 36. மலாக்கா நீரிணை ஆழம் குறைந்தது. ஆகவே பக்கத்தில் இருப்பவருக்கு முதலில் வரும் என்று கணக்குப் போடாதீர்கள். தாமதமானால் ஆபத்து போய்விட்டது என்றும் நினைக்காதீர்கள்.

'கடல் உள்வாங்கினால் ஓடு' என்பது பாதி உண்மை. 2004-இல் பினாங்கு, தாய்லாந்துப் பக்கம் முதலில் கடல் பின்வாங்கியது. நம் பக்கம் பொதுவாக முதலில் வந்ததே மேடு, அதாவது நேரே தண்ணீர். உள்வாங்கலுக்காகக் காத்திருந்தால் நேரம் போய்விடும். கடற்கரையில் நிற்கும்போது நிலம் இருபது விநாடிக்கு மேல் ஆடினாலோ, ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்கும் சுனாமி முன்னெச்சரிக்கை மையத்தின் அறிவிப்பு வந்தாலோ காரை விட்டுவிட்டு நடந்தே உள்நாட்டுப் பக்கம் போங்கள். ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிப் போகாதீர்கள். அலை ஆற்றுக்குள் அதிக தூரம் ஏறும். வழியில்லை என்றால் கான்கிரீட் கட்டடத்தின் மூன்றாம் மாடி. முதல் அலையோடு முடிந்துவிடாது. பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை இடைவெளி விட்டு அடுத்தடுத்து வரும். அறிவிப்பு விலக்கப்படும் வரை திரும்பக் கூடாது. 2012 ஏப்ரல் 11-இல் 8.6 அளவில் அதிர்ந்தும் பெரிய அலை வரவில்லை. அன்று தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்தன, கடலடி பெரிதாக மேலே எழும்பவில்லை. அதை வைத்து அடுத்த எச்சரிக்கையை அசட்டை செய்பவர்கள் இருக்கிறார்கள்.

தொண்டிப் பக்கத்துப் படகுக்காரர்களுக்கு ஒன்று. கடலில் இருந்தால் 100 மீட்டருக்கு மேல் ஆழமான இடத்துக்குப் போய்விடுங்கள் என்பது பொதுவான அறிவுரை. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர்கூட ஆழமில்லை. 2004-இல் இலங்கை மறைவாக நின்றதால் அங்கே சேதம் குறைவாக இருந்தது, ஆனாலும் அலை இலங்கையைச் சுற்றிக்கொண்டு வரத்தான் செய்தது. ஆகவே எச்சரிக்கை கேட்டால் ஆழம் தேடி அலையாதீர்கள். நேரம் இருந்தால் கரைக்கு வந்து, படகைக் கட்டிவிட்டு, வலையை எடுக்க நிற்காமல் ஊருக்குள் போய்விடுங்கள்.