தீபாவளிக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு

(தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலை, எங்கள் பகுதி நூலகக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். வெளியே மழை பிடித்துக்கொண்டது. மாடியில் துணி உலர்த்திவிட்டு வந்தவர்கள் எழுந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

தீபாவளி என்றாலே எனக்கு ஞாபகம் வருவது ஓர் அதிரசம். மகளுக்கு அது தலைத் தீபாவளி. மாப்பிள்ளை வருகிறார் என்று ஒன்பது பட்சணத்துக்குப் பட்டியல் போட்டேன். அதிரசம் செய்தவர்களுக்குத் தெரியும், அது ஆளைச் சோதிக்கிற பண்டம். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் துணி விரித்து உலர்த்தி, ஈரம் முழுதாகப் போவதற்குள் அரைக்க வேண்டும். வெல்லப்பாகைத் தண்ணீரில் விட்டால் கையில் உருட்ட வர வேண்டும். பாகு இளகலாக இருந்தால் எண்ணெயில் பிரிந்துபோகும். முற்றிவிட்டால் கல்.

மற்ற எட்டையும் முடிக்கிற அவசரத்தில் பாகைச் சீக்கிரமே இறக்கிவிட்டேன். தீபாவளிக்கு முதல் நாள் இரவு பதினோரு மணி. வாணலியில் போட்ட முதல் அதிரசம் விரிந்து, ஓட்டை விழுந்து, தூள்தூளாகிவிட்டது. இரண்டாவதும் அப்படியே. பக்கத்தில் நின்ற மகளைத் திட்டினேன். அவள் செய்த குற்றம், "விடும்மா, கடையில வாங்கிக்கலாம்" என்று சொன்னது.

கூடத்தில் படுத்திருந்த மாமியார் எழுந்து வந்து மாவைத் தொட்டுப் பார்த்தார். "ஒரு வாழைப்பழத்தைப் பிசைஞ்சு போட்டு, பணியாரமா ஊத்தும்மா. இது அதிரச மாவுன்னு எழுதியா ஒட்டியிருக்கு?" என்றார். பணியாரம் நன்றாகவே வந்தது. மாப்பிள்ளைக்கு இனிப்பே பிடிக்காது என்பது மறுநாள்தான் தெரிந்தது. மனிதர் மிக்சரை மட்டும் தின்றார்.

சில வருஷம் கழித்து ஆல்பத்தைப் புரட்டிய மகள், "அன்னைக்கு எடுத்த ஒரு போட்டோவிலும் நீ இல்லையேம்மா" என்றாள். அடுப்படியில் இருந்தேன். மஞ்சள் தடவி சாமி முன்னால் வைத்த புதுப்புடவையைச் சாயங்காலம் வரை பிரிக்கவே இல்லை.

கனடாவைச் சேர்ந்த உளவியலாளர்கள் பால் ஹெவிட், கோர்டன் ஃபிளெட் இருவரும் இந்த 'பெர்ஃபெக்ட்' பிடிவாதத்தை 1991-ல் மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். என்னிடம் குறையே இருக்கக் கூடாது என்பது ஒன்று. அடுத்தவர் குறையில்லாமல் செய்ய வேண்டும் என்பது இன்னொன்று. மற்றவர்கள் நம்மிடம் அதை எதிர்பார்க்கிறார்கள் என்று நாமே நம்புவது மூன்றாவது. இந்த மூன்றாவதற்கு 'நாலு பேர் என்ன சொல்வாங்க' என்று நம்மூரில் எப்போதோ பேர் வைத்துவிட்டோம். என் ஒன்பது பட்சணமும் அந்த நாலு பேருக்குத்தான்.

இரண்டாவது வகையும் என்னிடம் உண்டு. ஒரு வருஷம் கணவர் முறுக்கு பிழிய வந்தார். கோணலாக விழுந்தது. அதை வழித்து, அவர் கண்ணெதிரிலேயே மறுபடி அச்சில் போட்டேன். அப்புறம் ரொம்ப நாள் அவர் அடுக்களைப் பக்கமே வரவில்லை. மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவழித்தார்கள். செய்த ஆண்கள் 97 நிமிடம். அது சாதாரண நாள் கணக்கு. பின்வரிசையில் சிரிக்கிற ஐயா, நான் முறுக்கைத் திரும்ப அச்சில் போட்டதுதான் இதற்கெல்லாம் காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பங்கு உங்களுடையதுதான்.

சரி, அந்தப் புதுப்புடவைக்கு வருகிறேன். காசு கொடுத்து வாங்கி, மடிப்புக்கூடக் கலையாத துணியில் நாமே ஓரமாக ஒரு கறை வைக்கிறோம். மங்கலத்துக்கு என்பார்கள். குழந்தைக்குப் பவுடர் பூசி அழகு பார்த்துவிட்டு, கடைசியில் கன்னத்தில் ஒரு மைப்பொட்டு. புது வீட்டுக்கு முன்னால் நாக்கைத் துருத்திய பூசணிக்காய். அப்பழுக்கில்லாமல் இருந்தால் கண் படும் என்று பயந்த சனம் நாம். கண் படுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது, ஆனால் அந்தப் பொட்டு பிடித்திருக்கிறது.

அதனால் நாலு வருஷமாகத் தீபாவளிக்கும் ஒரு திருஷ்டிப் பொட்டு வைக்கிறேன். தெரிந்தே ஒரு வேலையைச் செய்யாமல் விடுவது. முதல் வருஷம் மைசூர்பாகு. கை பரபரத்தது, விடிகாலை நாலு மணிக்குக் கடலைமாவு டப்பாவைத் திறந்துவிட்டு மூடினேன். அக்கம்பக்கத்துக்குத் தட்டு கொடுக்கும்போது அது இல்லாத இடம் என் கண்ணுக்கு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. யாருமே கேட்கவில்லை. கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. போன வருஷம் பரண். இந்த வருஷம் ஜன்னல் கம்பி. அதை மழை பார்த்துக்கொள்ளும். லேகியத்தை மட்டும் விட மாட்டேன். இத்தனையும் தின்றுவிட்டு அது இல்லாமல் முடியாது.

வாசலில் பெரிய எவர்சில்வர் டப்பா இருக்கிறது. நேற்று அவர் பிழிந்த முறுக்கு. சிலது எட்டு மாதிரி இருக்கும், சிலது எந்த எழுத்து என்றே தெரியாது. கொஞ்சம் சிவந்தும் போயிற்று. போகும்போது ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். டப்பா எனக்குத் திரும்ப வேண்டும்.