சீனம் போகாத தூதர், சீன உடையில்: தென்ஜின் தொங்கோவியங்கள்

(திரையில்: விரித்துத் தொங்கவிட்ட ஓவியம், மேலிருந்து கீழாக மெல்ல நகரும் காட்சி)

பட்டிலோ தாளிலோ வரைந்து, சுற்றிலும் நெய்த துணியால் கரை கட்டி, அடியில் உருளைக் கட்டை பொருத்திய இந்த ஜப்பானியத் தொங்கோவியத்துக்குக் கக்கெஜிக்கு என்று பெயர். இதில் தெய்வமாக வீற்றிருப்பவர் 845இல் பிறந்த சுகவாரா நோ மிச்சிசானே. அறிஞராகவும் கவிஞராகவும் விளங்கி அமைச்சரான இவர், அரசவைப் பகையால் 901இல் கியூஷூ தீவிலுள்ள தசைஃபுவுக்கு அனுப்பப்பட்டு, 903இல் அங்கேயே இறந்தார்.

அவருடைய எதிரி ஃபுஜிவாரா நோ தொக்கிஹிரா 909இல் இளவயதிலேயே இறந்ததற்கும், 930இல் அரண்மனையில் இடி விழுந்து அரசவையினர் சிலர் மாண்டதற்கும் மிச்சிசானேயின் ஆவிதான் காரணம் என்று தலைநகர் அஞ்சியது. அந்தச் சினத்தைத் தணிக்கவே அவரைத் தென்ஜின் என்னும் தெய்வமாக வணங்கத் தொடங்கினார்கள். 947இல் கியோத்தோவின் கித்தானோவில் கோயிலும் எழுந்தது.

(திரையில்: கயிற்றுச் சுருளின் மேல் அமர்ந்த உருவம்)

கறுப்பு அரசவை உடையும் கையில் செங்கோல் போன்ற பலகையுமாக அமர்ந்த வடிவமே பரவலானது. இன்னொரு வகையில், நாடு கடத்தப்பட்டு வந்தவருக்கு இருக்கைகூடத் தராததால் படகுக் கயிற்றைச் சுருட்டி அமர்ந்தார் என்ற கதையையொட்டி, நெரித்த புருவமும் கடுத்த முகமுமாகத் தீட்டியிருப்பார்கள்.

(திரையில்: பிளம் மலர்க் கிளையுடன் நிற்கும் உருவம்)

மூன்றாவது வகைதான் வியப்புக்குரியது. சீன உடையில், தோளிலிருந்து தொங்கும் சிறு பையுடன், தாம் நேசித்த பிளம் மலர்க் கிளையைக் கையில் ஏந்தி நேராக நிற்கிறார். முகத்தில் சினத்தின் சுவடே இல்லை. என்னி என்ற ஜென் துறவியின் கனவில் தோன்றி உபதேசம் கேட்ட தென்ஜினை, அவர் சீனத்திலிருந்த தம் ஆசான் வூஜுன் ஷிஃபானிடம் அனுப்பினாராம். தென்ஜினும் ஒரே இரவில் கடல் கடந்து போய்ச் சீடரானாராம். அந்த ஆசான் வாழ்ந்ததோ 13ஆம் நூற்றாண்டில்! உயிரோடிருந்தபோது சீனத்துக்குத் தூதராக நியமிக்கப்பட்டும், 894இல் அந்தப் பயணமே வேண்டாம் என்று அரசருக்கு எழுதியவர் மிச்சிசானே. ஜென் மடங்கள் அவரையே கடல் கடக்க வைத்தன. அஞ்சி வணங்கிய தெய்வத்தைத் தங்கள் மாணவராக்கிக்கொள்ள இதைவிடச் சாதுரியமான வழி இருந்திருக்காது.

பிற்காலத்தில் அவர் கல்வித் தெய்வமானார். தொயாமா, ஃபுகுயி பகுதிகளில் ஆண் குழந்தை பிறந்த வீட்டுக்குத் தாய்வழிப் பாட்டன் பாட்டி தென்ஜின் ஓவியத்தைப் பரிசளிப்பது வழக்கம். டிசம்பர் 25 முதல் ஜனவரி 25 வரை அதைத் தொங்கவிட்டுப் படையலிட்டு, பிறகு சுருட்டிப் பெட்டியில் வைப்பார்கள்.